நுரையீரலுக்குள் கல்நார் இழையை எண்ணுவது எப்படி?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கும்போது பறக்கும் தூசியில், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் உண்டு. மூச்சோடு போய்க் காற்றுப்பைகளில் தங்கும் நீளமான இழைகளை, அந்நியத் துகள்களை விழுங்கி அகற்றும் மேக்ரோஃபேஜ் செல்களால் முழுதாக விழுங்க முடியாது. அதனால் அவற்றின்மேல் இரும்பு கலந்த புரதத்தைப் பூசிவிடுகின்றன. இப்படிப் பூச்சு ஏறிய இழைதான் 'ஆஸ்பெஸ்டாஸ் பாடி'. மைக்ராஸ்கோப்பில் அது பொன்பழுப்பாக, இரு முனையும் உருண்டு, இடையில் மணி கோத்ததுபோல் தெரியும். நடுவில் ஓடும் இழை நிறமற்றதாகவும் நேராகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கறுப்பாக இருந்தால் கரித்துகள், எண்ணிக்கையில் சேராது.

உயிரோடு இருப்பவருக்கு நுரையீரலைக் கழுவிப் பார்ப்பார்கள். மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாயான பிராங்கோஸ்கோப் வழியாக 100 முதல் 200 மி.லி. சலைனைச் சிறிது சிறிதாக விட்டு, மெதுவாக உறிஞ்சி எடுப்பார்கள். ஒரு மி.லி.யில் ஒரு பாடிக்கு மேல் இருந்தால், வேலையிடத்தில் கல்நார் பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம் என்கிறது கல்நார் நோய்களைக் கண்டறிய சர்வதேச நிபுணர்கள் 1997இல் வகுத்த ஹெல்சிங்கி அளவுகோல்.

அறுவை சிகிச்சையில் திசு கிடைத்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும். இழைகள் எல்லா இடத்திலும் சமமாகப் படிவதில்லை. ஆகவே கட்டி இல்லாத இரண்டு மூன்று இடங்களில் துண்டு எடுப்பது நல்லது. பக்கத்திலேயே வெட்டிய இன்னொரு துண்டைக் காயவைத்து எடை பார்ப்பார்கள். ஈரத் திசு காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்; இந்த விகிதத்தை வைத்து முதல் துண்டின் உலர் எடையைக் கணக்கிடுவார்கள். முதல் துண்டைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில், அதாவது பிளீச்சிங் திரவத்தில், ஊறவைத்தால் சதை கரைந்துபோகும், இழை நிற்கும். கரைசலை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, அதை ஸ்லைடில் ஏற்றி எண்ணுவார்கள். 0.05 கிராம் உலர் திசுவில் 60 பாடி என்றால், கிராமுக்கு 1,200. உலர் திசுவுக்கு ஹெல்சிங்கி வரம்பு கிராமுக்கு 1,000; ஆகவே இது வரம்பைத் தாண்டியது.

திசுவை அரைக்கவே கூடாது. இழைகள் உடைந்து எண்ணிக்கை பொய்யாக ஏறும். குழாய்த் தண்ணீரிலும், திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினிலும்கூட இழைகள் இருக்கலாம். அதனால் எல்லாத் திரவங்களையும் முதலில் வடிகட்ட வேண்டும். வெளியிலிருந்து இழை கலக்கிறதா என்று அறிய, திசு இல்லாமல் ஒரு முறை முழுச் சோதனையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பூச்சு ஏறாத இழைகளையும் பிடிக்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் தேவை. அதனுடன் இணைந்த எக்ஸ்ரே பகுப்பாய்வு இழையின் வகையைச் சொல்லும்: மக்னீசியமும் சிலிக்கனும் மட்டும் மேலோங்கினால் வெள்ளைக் கல்நாரான கிரைசோடைல்; இரும்போடு சோடியமும் தெரிந்தால் நீலக் கல்நார்.

மிகப் பெரிய தவறு நடப்பது இங்கேதான். இந்தியக் கூரை ஷீட்டுகளில் சேர்வது கிரைசோடைல். அது நுரையீரலில் பிளந்து, துண்டாகி, மற்ற வகைகளைவிட வேகமாக வெளியேறிவிடும். பாடியாக மாறுவதும் குறைவு. நோயோ 20, 30 ஆண்டுகள் கழித்து வரும். ஆகவே 'பாடி இல்லை' என்ற ரிப்போர்ட்டை வைத்து, அந்தத் தொழிலாளி கல்நாரைச் சுவாசிக்கவே இல்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். அவர் எந்தப் பிரிவில், எந்த மிஷினில், எத்தனை ஆண்டு நின்றார் என்ற விவரமே அப்போது முதல் சான்று. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகளாவது நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டிருக்கிறது. மருத்துவர் ஸ்லைடைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.