அடியில் ஒரு வரி: சுவரொட்டி வழியே 1965

ராமேசுவரம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். 1965 இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டப் பாடத்துக்கு முன்பெல்லாம் சார்ட்டைக் கையில் கொடுத்து, சுவரொட்டி செய்யச் சொல்லிவிடுவேன். எல்லாவற்றிலும் உயர்த்திய கை, ‘தமிழ் வாழ்க’. யார், எங்கே, எதற்கு என்பது எதிலும் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. படிக்க நான் எதையும் கொடுக்கவில்லையே.

இப்போது மூன்று வகுப்பு படிப்பு, அப்புறம்தான் பெயிண்ட். தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் பழைய இதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1963 ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்றுதான் இருந்தது, ‘தொடரும்’ என்று இல்லை. அந்த ஒரு சொல்லைப் பேசவே ஒரு வகுப்பு போகும், போகட்டும். ஜனவரி 25 மதுரை ஊர்வலம், 27 அன்று துப்பாக்கிச்சூட்டில் இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன், பிப்ரவரி 11 பிரதமர் சாஸ்திரியின் வானொலி உரை என்று தேதிவாரியாகக் கரும்பலகையில் எழுதுவோம். 1967இல் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் காமராசரை விருதுநகரில் தோற்கடித்தார். அன்று விருதுநகர் நம் ராமநாதபுரம் மாவட்டம் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

தேதிகளைப் பார்த்த ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அப்ப தனுஷ்கோடி அழிஞ்சு ஒரு மாசந்தானே ஆகியிருக்கும்? நம்ம ஊர்க்காரங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?” எனக்கு அது தோன்றியதே இல்லை. பாட்டியிடம் போய்க் கேட்டு எழுதி வந்தாள். அவள் சுவரொட்டியில் ஒரு பக்கம் 1964 டிசம்பர் 22 இரவுக் கடல், மறுபக்கம் மதுரை ஊர்வலம், நடுவில் ‘34 நாள்’. அடியில் சின்ன எழுத்தில்: ‘சொன்னவர்: என் பாட்டி’, கேட்ட தேதி.

அந்த அடிவரிதான் என் ஒரே கண்டிப்பு. அச்சடித்த சுவரொட்டியில் அச்சகத்தின் பெயர் இருப்பதுபோல, தகவல் எங்கிருந்து வந்தது என்று இருக்கவேண்டும். இறந்தோர் எண்ணிக்கை அரசுக் கணக்கில் ஏறக்குறைய 70, போராடியவர்கள் சொன்னது பல மடங்கு. இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் எழுதச் சொல்வேன்.

வீட்டு ஓலைப்பெட்டியிலிருந்து பழைய நோட்டீஸ் வந்தால் பசை, செலோடேப், லேமினேஷன் எதுவும் வேண்டாம். நம் உப்புக்காற்றில் தாள் ஏற்கெனவே நைந்திருக்கும். செல்போனில் படமெடுத்துக்கொண்டு, அன்றைக்கே அந்த ஓலைப்பெட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.