புர்க்ரபி என்றால் யார்? 'பிரபு' என்று எழுதினால் போதுமா?

செக் நாட்டு இடைக்கால வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே காலைத் தட்டிவிடுகிற சொல் இது. ஆங்கிலப் புத்தகங்களில் பர்க்ரேவ் என்று இருக்கும், செக் மொழியில் புர்க்ரபி. நானும் முதலில் 'பிரபு' என்று போட்டு ஒப்பேற்றியவன்தான். ஆனால் செனெக் என்ற ஒரு மனிதரின் கதையைப் படித்த பிறகு அந்தச் சொல் ஒத்துவரவில்லை.

மூலம் ஜெர்மன். புர்க் என்றால் கோட்டை. கிராஃப் என்பவர் தொடக்கத்தில் அரசன் சார்பில் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்ட அதிகாரி. பிறகு அதுவே அப்பனுக்குப் பின் மகன் என்று வரும் பட்டமாகிவிட்டது. நியூரம்பெர்க் கோட்டையை இப்படிப் பரம்பரையாக வைத்திருந்த ஹோஹென்சோலர்ன் குடும்பம் 1415-இல் பிராண்டன்பர்க்கைப் பெற்று, 1871-இல் ஜெர்மன் பேரரசர் நாற்காலி வரைக்கும் போய்விட்டது. செக் மண்ணில் சொல்லும் கொஞ்சம் மாறியது (தொடக்க எழுத்தின் ஒலி வன்மையாகி நம் 'பல்' என்பதில் வரும் ப ஆகிவிட்டது, அந்த வகையில் தமிழ் எழுத்துக்கு வசதி), பொருளும் மாறியது. அங்கே பெருங்குடியினர் எல்லாருக்கும் பொதுப் பெயர் பான், அதாவது ஆண்டை. புர்க்ரபி என்பது அரசர் கொடுக்கும் பதவி. அதிலும் பிராக் கோட்டையின் 'உச்சப் புர்க்ரபி' என்றால் நாட்டின் அதிகாரிகளிலேயே முதல் ஆள்.

செக் அரசர் நான்காம் வென்செஸ்லாஸ் காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்தான் வார்ட்டென்பெர்க் குடும்பத்துச் செனெக். 1415-இல் செக் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸைக் கான்ஸ்டன்ஸ் நகரில் எரித்தபோது, அதைக் கண்டித்து 452 பெருங்குடியினர் முத்திரையிட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அந்த அணியின் முன்வரிசையில் இவர் நின்றார். ஹுஸ்ஸின் வழி வந்தவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கப் பேராயர் மறுத்துவிட்டார். பார்த்தார் செனெக். 1417-இல் துணை ஆயர் ஹெர்மனைப் பிடித்துத் தன் லிப்னிட்சே கோட்டைக்குக் கொண்டுபோய், அங்கேயே வைத்துப் பட்டம் கொடுக்க வைத்தார்! ஆயரையே தூக்கிவிட்டார் என்றால் அந்தக் கையின் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1419-இல் வென்செஸ்லாஸ் இறந்தார், தம்பி சிகிஸ்முண்ட் அரியணைக்கு வந்து நின்றார். செனெக் முதலில் அவர் பக்கம் போனார். அப்புறம் 1420 ஏப்ரலில், அவர் கொடுத்த டிராகன் விருதைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிராக் கோட்டையை ஹுஸ்ஸியர் பக்கம் கொண்டுவந்தார். மே மாதம் அதே கோட்டையை மறுபடி சிகிஸ்முண்டிடமே ஒப்படைத்தார். ஜூலையில் சிகிஸ்முண்ட் பிராக்கை ஒட்டிய விட்கோவ் குன்றில் ஹுஸ்ஸியரிடம் தோற்றும்கூட அந்த மாதமே முடிசூட்டிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், கோட்டை கையில் இருந்ததுதான். அடுத்த ஆண்டே செனெக் மீண்டும் ஹுஸ்ஸியரிடம் திரும்பினார்; 1425-இல் இறந்தார். பச்சோந்தி என்று திட்டலாம், ஆனால் அவர் மாறுவதற்காக எல்லாரும் ஏன் காத்திருந்தார்கள் என்பதற்கு விடை அவருடைய பதவியில் இருக்கிறது. ஊருக்கு மேலே குன்றில் நிற்கும் கோட்டை, அதன் வாசலைத் திறப்பதும் மூடுவதும் இவர் சொல்லில்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'பிரபு', 'கோமகன்' இரண்டும் பிறப்பைச் சொல்கின்றன, வேலையைச் சொல்லவில்லை. 'கோட்டைக் காவலர்' என்றால் வாசலில் ஈட்டியோடு நிற்கும் ஆள்தான் கண்ணுக்குத் தெரிகிறார். 'கில்லேதார்' பொருளில் அச்சாகப் பொருந்தும், நம் பக்கத்துக் கோட்டைகளில் புழங்கிய சொல்லும்கூட. ஆனால் அது அரபும் பாரசீகமும் சேர்ந்தது, படித்தவுடன் நவாப் காலத்துத் தலைப்பாகைதான் நினைவுக்கு வரும்.

சோழர் கல்வெட்டுகளில் 'திருமந்திர ஓலை நாயகம்' என்று ஒரு பதவி வரும், அரசன் ஆணைகளை எழுதும் பிரிவின் தலைவர். அதே அச்சில் வார்த்தால் 'கோட்டை நாயகம்'. செனெக்குக்குத் 'தலைமைக் கோட்டை நாயகம்'. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, கொஞ்சம் கம்பீரமும் இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். அதே நாட்டில் ஆண்டைகளின் சின்னச் சின்னக் கோட்டைகளிலும் சம்பளத்துக்கு ஒரு புர்க்ரபி இருந்தார், முதலாளி ஊரில் இல்லாதபோது வரவு செலவையும் வேலையாட்களையும் பார்த்துக்கொள்ள. அவரையும் நாயகம் என்றால் அவருக்கே சிரிப்பு வரும். அவருக்குக் 'கோட்டை மணியக்காரர்' போதும்.