நடுவுக்குள் ஒரு வெள்ளிக்கோல்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். "மகள் ஸ்டாஃப் நர்ஸ், 29 வயசு. டூட்டி முடிஞ்சு வந்தா நடு நிமிர மாட்டேங்குது என்கிறாள். காலையில எழும்பும்போது இன்னும் மோசம். மருந்துக்கடையில ஒரு பெல்ட் விக்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா அண்ணே?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் நடு என்றால் இடுப்பின் பின்புறம்.

பெல்ட் வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் சில்லறைக் கடைகளில் சரக்குத் தூக்கும் ஆயிரக்கணக்கான ஊழியர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். முடிவு 2000இல் வெளிவந்தது. பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் நடுவலியில் வித்தியாசம் இல்லை. அடிபட்டவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பெல்ட் வேறு விஷயம்.

நம் குமரி மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838இலேயே தொடங்கிவிட்டது. இன்று மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நர்சிங் கல்லூரிப் பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். நர்சுகளின் உடல்வலியைப் பற்றிய ஆய்வுகளுக்கும் குறைவில்லை. 1987இல் வடக்கு ஐரோப்பிய நாடுகளில் உருவான ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கழுத்து, தோள், நடு, முட்டு என்று உடலை 9 பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் வலித்ததா, கடந்த 7 நாளில் வலித்ததா என்று கேட்கும். அதோடு உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தரப் படிவத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஓர் ஆய்வேடு தயார். வலி உள்ளவருக்குத் தூக்கமும் மனசும் வீட்டுச் சுகமும் குறைகின்றன என்று முடிவு வரும். அதை அந்த அம்மாவே சொல்லிவிட்டார். இத்தனை முறை எண்ணியாயிற்று, இனி அந்த ஆய்வுப் பணத்தில் பாதியையாவது ஏறி இறங்கும் கட்டில் வாங்கச் செலவிடலாம் என்பது என் கட்சி.

ஏன் கட்டில்? அதற்கு வெள்ளிக்கோலைத் தெரிய வேண்டும்.

சின்ன வயதில் சந்தையில் வெள்ளிக்கோலில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நிறுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பு. அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில் பிடி. பிடிக்கு இந்தப் பக்கம் நாலு விரல் நீளத்தில் கிழங்குக் கட்டு தொங்கும். அந்தப் பக்கம் ஒரு முழத்துக்கு மேல் நீளம், அதில் சின்னக் குண்டு. குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால், ஓரிடத்தில் அத்தனை பெரிய கட்டும் இத்துனூண்டு குண்டும் சமமாக நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான்: எடையைத் தூரத்தால் பெருக்கு, இரண்டு பக்கமும் சமம். ஆனால் எனக்கு அது புத்தகத்தில் புரியவில்லை, சந்தையில்தான் புரிந்தது.

குனிந்து நிற்கும் நர்சின் நடுவுக்குள்ளும் இதே கோல்தான் இருக்கிறது. பிடி இருக்குமிடத்தில் கீழ் முதுகின் எலும்புகளும் அவற்றுக்கு இடையிலுள்ள வட்டும் (டிஸ்க்). நீளமான பக்கத்தில் அவளுடைய தலை, கை, மார்பு, அதற்கும் அப்பால் நோயாளி. நாலு விரல் பக்கத்தில் முதுகுத்தண்டின் பின்னால் ஓடும் தசைகள். கிழங்குக் கட்டின் வேலையை இவைதான் பார்க்க வேண்டும்.

கணக்குப் போடுவோம். நர்சின் எடை 55 கிலோ என்றால், இடுப்புக்கு மேலே உள்ளது ஏறக்குறைய 33 கிலோ. நன்றாகக் குனிந்தால் அந்த எடையின் மையம் வட்டிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். தசைகள் இருப்பது 5 சென்டிமீட்டர் பின்னால். 33ஐ 25ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 165. நோயாளியை இன்னும் தொடவே இல்லை. விரிப்பின் சுருக்கத்தை நீவுவதற்குக் குனிந்தாள், அவ்வளவுதான். அதற்கே தசைகள் 165 கிலோ இழுக்கின்றன.

இனி, படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்ட வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவது வார்டு வழக்கம். அவருடைய எடையில் 15 கிலோவை மட்டும், வட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளித் தாங்குகிறாள் என்று வையுங்கள். இன்னொரு 150 கிலோ சேர்ந்தது. மொத்தம் 315. மேலுடம்பின் எடையிலும் ஒரு பங்கு வட்டின் மேல் இறங்கும். 330, 340 என்று போய்விடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், கீழ் முதுகின் வட்டு மீது 3400 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் போனால் ஆபத்து தொடங்குகிறது என்று எல்லை வகுத்திருக்கிறது. நம் கிலோவில் அது கிட்டத்தட்ட 347.

போன வருஷம் அப்பா வழுக்கி விழுந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டிலில் தலைமாட்டை உயர்த்த ஒரு கைப்பிடி, கால்மாட்டை உயர்த்த ஒன்று. கட்டில் மொத்தமாக எழும்ப எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் அந்தக் கைப்பிடியும் காணோம், ஸ்பேனர் வைத்துத் திருகினார்கள். இரவு டூட்டிக்கு வந்த சிஸ்டர் ஐந்தடிகூட இருக்க மாட்டார். "பாட்டா, கைய நெஞ்சுல கெட்டிக்கிடுங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முழங்காலைக் கட்டில் மேல் ஊன்றினார். அப்பாவுக்கு அடியில் குறுக்கே போட்டிருந்த டிரா ஷீட்டை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, என்னை எதிர்ப்பக்கம் பிடிக்கச் சொல்லி, ஒரே இழுப்பு. அப்பா புரண்டுவிட்டார்.

அந்த முழங்காலைத்தான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டில் மேல் கால் ஏறியதும் அவ்வளவு குனிய வேண்டியதில்லை. 25 என்பது 15 ஆயிற்று. நோயாளியும் கிட்டே வந்துவிட்டார். 50 என்பது 30 ஆயிற்று. தசையின் இழுப்பு 99ம் 90ம் சேர்ந்து 189. நோயாளி அதே நோயாளி, எடை அதே எடை. 126 கிலோ எங்கே போயிற்று? தூரத்தோடு போயிற்று!

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. ஸ்வீடனின் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள்ளேயே ஊசி செருகி அழுத்தத்தை அளந்தார். பிறகு ஜெர்மனியில் வில்கே குழுவினர் 70 கிலோ எடையுள்ள ஒரு தன்னார்வலரின் வட்டில் சென்சார் வைத்து ஏறக்குறைய ஒரு முழு நாள் அளந்து 1999இல் வெளியிட்டார்கள். பங்க்சர் கடைக் கணக்கில் சொல்கிறேன், கார் டயருக்கு 32 காற்று. சும்மா நிற்கும்போதே வட்டுக்குள் 72. 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தால் 160. அதே 20 கிலோவை மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 260.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்மூரில் இன்றும் சொல்கிறார்கள். திடீரென்று வரும் நடுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அந்தச் சமயத்தில் யார் மிதித்தாலும் பெயர் அவருக்குத்தான். வர்ம ஆசானின் எண்ணெய்த் தடவல் இதமாக இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மறுநாள் அதே தாழ்ந்த கட்டிலுக்குத்தானே அவள் போக வேண்டும்? கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மட்டும் எண்ணெயைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அப்புறம், காலையில் இன்னும் மோசம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அது ஏன்? வட்டின் நடுவில் இருப்பது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு கூழ். பகல் பாரத்தில் தண்ணீர் கசிந்து போகும்; இரவு படுத்ததும் திரும்ப ஊறும். வில்கேயின் ஆள் தூங்கத் தொடங்கியபோது வட்டுக்குள் 15 காற்றுக்கும் குறைவு; விடியும்போது 35. விடிகாலையில் நாம் எல்லோரும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். ஊறிப் புடைத்த வட்டு வளைய மறுக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அதன் மேல் விழும் இழுவிசை சாயங்காலத்தைவிடப் பல மடங்கு.

7 மணி டூட்டிக்குப் போகிற பெண் 5 மணிக்கு எழுந்து என்ன செய்வாள் என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது: "முற்றம் தூத்துட்டுதான் குளிக்கப் போவா." பெருக்கிவிட்டு என்று பொருள். அம்மா, பெல்ட்டுக்கு வைத்திருக்கும் பணம் இருக்கட்டும். முற்றத்தை நீங்களோ மகனோ தூத்துங்கள். அவள்தான் தூத்த வேண்டும் என்றால், அந்தக் குட்டை வாரியலுக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு கம்பு கட்டிக் கொடுங்கள்.