ஹிப்போதெரபி என்றால் குதிரை வைத்தியமா?

சென்ற மாதம் கொடைக்கானலில் ஒரு முகாம். வாசலில் கட்டியிருந்த பேனரில் ‘இலவசக் குதிரை வைத்திய முகாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில், ஏரிக்கரையில் சவாரி விடும் பெரியவர் ஒருவர், முன்னங்கால் நொண்டும் மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்து நின்றார். “சார், டாக்டர் எப்ப வருவாரு? லாடம் அடிச்சதிலேருந்து காலை ஊனவே மாட்டேங்குது” என்றார். உள்ளே நடக்கவிருந்தது ஹிப்போதெரபி, அதாவது குதிரைமேல் உட்காரவைத்து மனிதருக்குத் தரும் சிகிச்சை. காத்திருந்தவர்கள் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளும் அவர்களுடைய தாய்மார்களும். விஷயத்தைச் சொல்லிப் பெரியவரைத் திருப்பி அனுப்பியது நான்தான். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அந்தப் பேனரை அப்படித்தான் படிப்பார்கள்.

கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை; ‘தெரபியா’ என்றால் பணிவிடை, சிகிச்சை. சொல்லின் வரலாறு அவ்வளவுதான். காதில் விழும்போது ஹிப்னோதெரபியோடு குழம்புகிறவர்கள் உண்டு. அது மனவசிய சிகிச்சை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

செயலைப் பார்த்தால்தான் சொல் பிடிபடும். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது, சற்றே திருகவும் செய்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் இடுப்பும் அதே கணக்கில் அசையும். மனிதன் நடக்கும்போது இடுப்புக்கு ஏற்படும் அசைவும் ஏறக்குறைய இதுதான். ஒருநாளும் நடந்திராத குழந்தையின் இடுப்பு, குதிரையின் கால்களால் நடக்கிறது. லகானைப் பிடித்து நடத்த ஓர் ஆள், குழந்தையின் இரு பக்கமும் ஆட்கள், எப்போது நிறுத்துவது, எங்கே திருப்புவது என்று சொல்ல இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). நோய் இதனால் குணமாகிவிடாது. உடம்பை நிமிர்த்தி உட்காரவும், சமநிலை பிடிக்கவும் பல குழந்தைகளுக்கு உதவுகிறது. இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ ஏற்றக்கூடாது.

அன்று ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பக்கத்துணையாக நடந்தேன். தொடைகள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் இறுக்கம். அவற்றைப் பிரித்து உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. சேணம் கிடையாது, மடித்த கம்பளிதான். குதிரையின் உடற்சூடு நம்முடையதைவிடச் சற்று அதிகம். அது கம்பளி வழியே என் கைக்கே தெரிந்தது. மூன்றாவது சுற்று வரும்போது, நான் பிடித்திருந்த தொடையில் முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. “அண்ணே, கால் தொங்குது பாருங்க, கால் தொங்குது” என்று அவள் அம்மா கூடவே ஓடிவந்தார்.

இதற்கா குதிரை வைத்தியம் என்று பெயர்? தலைவலி மாத்திரை என்றால் தலைவலிக்குக் கொடுக்கும் மாத்திரை. மாட்டு வைத்தியம் மாட்டுக்கு. பல் மருத்துவம் பல்லுக்கு. இவையெல்லாம் நான்காம் வேற்றுமை மறைந்து நிற்கும் தொகைகள். ‘மலர் மருத்துவம் என்கிறோமே, அது மலருக்கா?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். மலருக்கு யாரும் நாடி பிடிப்பதில்லை. அதனால் காது தானாகவே ‘மலரால்’ என்று எடுத்துக்கொள்கிறது. குதிரைக்கு நோய் வரும், வைத்தியரும் உண்டு. அங்கே ‘குதிரைக்கு’ என்பதுதான் முந்திக்கொண்டு வரும்.

அடுத்தது ‘பரிமருத்துவம்’. தனித்தமிழ் அன்பர்கள் இதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் பரி என்றால் குதிரை என்பது நரியைப் பரியாக்கிய கதை படித்தவர்களுக்குத் தெரியும். பூம்பாறையில் பூண்டுக்காட்டில் களையெடுக்கும் தாய்க்குத் தெரியுமா? அவருக்குத் தெரிந்த ‘பரி’, பரிகாரமும் பரிசோதனையும்தான். ஆஸ்பத்திரி வாசலில் பரிமருத்துவம் என்று எழுதினால் ஏதோ பரிசோதனை என்று நினைத்துப் போய்விடுவார். வெள்ளகவிக்கு மூட்டை சுமந்து இறங்குவதும் குதிரைதான், ஏரியைச் சுற்றி வருவதும் குதிரைதான். இந்த மலையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் அது, தமிழும்கூட. அதை விட்டுவிட்டு ஏன் பரியைத் தேட வேண்டும்? குதிரைக்குப் புரவி, இவுளி என்று பழஞ்சொல் தேடிப் போகிறவர்களுக்கும் இதே கேள்விதான். போதாக்குறைக்கு, பரிமருத்துவத்தையும் பரிக்கு மருத்துவம் என்றே படிக்கலாம். பழைய கோளாறு புதுச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே.

‘குதிரையேற்ற சிகிச்சை’ இவற்றைவிடப் பரவாயில்லை, ஆனாலும் தவறு. ஏற்றம் ஏறுபவரின் திறமை. இங்கே குழந்தை குதிரையை ஓட்டவில்லை. சில நேரம் பின்பக்கம் பார்த்து உட்காரும், சில நேரம் குப்புறப் படுத்தேகூட இருக்கும். போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அது ஏற்றம். அந்த வழியில் தரும் பயிற்சிக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

என் பரிந்துரை: குதிரைவழிச் சிகிச்சை. விரித்துச் சொன்னால், குதிரைவழி இயன்முறைச் சிகிச்சை. தமிழ்வழிக் கல்வி என்றால் தமிழின் மூலம் கற்பது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ‘வழி’ இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. குதிரைக்கா, குதிரையாலா என்ற சந்தேகமே வராது. குதிரை போகும் தடத்தை நம் பக்கத்தில் குதிரைப்பாதை என்கிறோம், ஆகவே அந்தக் குழப்பமும் இல்லை. சிகிச்சை வடசொல்லாயிற்றே என்பார்கள். தாய்மார்கள் நாளெல்லாம் சொல்லும் சொல் அது, இருக்கட்டும்.

அதே பேனரில் இன்னொரு வரி: ‘மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு’. இதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. பெருமூளை வாதம் என்பது, வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அசைவும் உடல் நிலையும் சீர்கெடுவது. அறிவில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள் இதில் எத்தனையோ பேர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அந்த வாசலில் நுழையும்போது எதைப் படிக்கும் என்று மொழிபெயர்த்தவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். குழந்தையைப் பார்ப்பதில்லை, குதிரையையும் பார்ப்பதில்லை.

அடுத்த முகாமுக்கு வாசகம் எழுதித்தரச் சொன்னார்கள். ‘பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குக் குதிரைவழி இயன்முறைச் சிகிச்சை’ என்று கொடுத்தேன். பேனர் அடிக்கிற தம்பி போனில் கூப்பிட்டு, “நீளமா இருக்கு சார், குதிரை வைத்தியம்னே போட்டுடவா?” என்றார். வேண்டாம், எழுத்தைச் சிறிதாக்கி இரண்டு வரியில் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.