ஏர்ல் என்றால் கோமகனா?

ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் கதையைச் சொல்லும் ஒரு தமிழ்க் காணொளி வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 'மொரே கோமகன் தாமஸ் ராண்டால்ஃப்' என்று குரல் சொன்னதும் மகள் கேட்டாள்: "புரூஸுக்கு இவ்வளவு பெரிய பையன் இருந்தானாப்பா?" அவள் மேல் தப்பே இல்லை. கோ என்றால் அரசன், கோமகன் என்றால் அரசன் மகன். ராண்டால்ஃபோ புரூஸுக்குச் சகோதரி மகன் முறை. இந்தக் 'கோமகன்' காதில் விழுவது இது எத்தனையாவது தடவையோ, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூலச்சொல் ஏர்ல். பிரிட்டனில் உயர்குடியினருக்கு உரிய ஒரு பட்டம். அதைத்தான் தமிழில் 'கோமகன்' ஆக்குகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் 'இயோர்ல்', உயர்குடி வீரன். ஸ்காண்டினேவியாவின் பழைய மொழியான நார்ஸின் 'யார்ல்' அதற்கு உறவு. யார்ல் ஒரு பகுதியை அரசனுக்குக் கீழே ஆண்டவன். இங்கிலாந்தை ஆண்ட டேனிஷ் அரசர் கனூட் காலத்தில் அந்தப் பொருள் ஆங்கிலச் சொல்லிலும் ஏறிக்கொண்டது. ஸ்காட்லாந்தில் கேலிக் மொழியில் பகுதித் தலைவனைக் குறிக்கும் 'மோர்மேர்' இருந்த இடத்துக்கு இது வந்தது. லத்தீன் ஆவணங்களில் 'கோமெஸ்', அதாவது உடனிருப்பவன். இதில் எந்தச் சொல்லிலும் மகன் கிடையாது.

சரி, ஒரு சொல்தானே என்று விடலாமா? ராண்டால்ஃபின் வாழ்க்கையைக் 'கோமகன்' போட்டு எழுதிப் பாருங்கள். 1312இல் மாமன் புரூஸ் அவரை ஸ்காட்லாந்தின் மொரே பகுதிக்கு ஏர்ல் ஆக்குகிறார். 1314 மார்ச்சில் அவருடைய ஆட்கள் இரவில் பாறையேறி எடின்பரோ கோட்டையைப் பிடிக்கிறார்கள். 1329இல் புரூஸ் இறந்தபோது உண்மையான அரசன் மகன் டேவிடுக்கு 5 வயது, ஆட்சிப் பொறுப்பு ராண்டால்ஃபிடம் வருகிறது. இந்த இடத்தில் கோமகனுக்காகக் கோமகன் ஆண்டார் என்று எழுதினால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? 1332இல் அவர் இறந்ததும் மூத்த மகன் தாமஸ் ஏர்ல் ஆகி, சில வாரங்களிலேயே ஸ்காட்லாந்திலேயே நடந்த டப்ளின் மூர் (Dupplin Moor) போரில் மடிகிறார். அடுத்த மகன் ஜான், 1346இல் நெவில்ஸ் கிராஸ் களத்தில். ஒரு வீட்டில் மூன்று கோமகன்கள், மூவரில் ஒருவருக்கும் தந்தை அரசரில்லை! ராண்டால்ஃபின் மகள் ஆக்னஸ் 1338இல் ஆங்கிலேயர் முற்றுகையை ஐந்து மாதம் தாங்கி டன்பார் கோட்டையைக் காத்தவர். அவரைக் 'கோமகள்' என்று எழுதினால் அரசன் மகள் ஆகிவிடுவார். அவர் ஏர்லின் மகள், இன்னொரு ஏர்லின் மனைவி.

கோமகனை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஏர்லைவிட உயர்ந்த பட்டமான டியூக்குக்கு அது ஓரளவு பொருந்தும். ஸ்காட்லாந்தில் டியூக் பட்டம் 1398இல்தான் முதலில் வந்தது. ராத்சே, ஆல்பனி என்று அப்போது பட்டம் பெற்ற இருவருமே அரசர்களின் மகன்கள். அங்கே வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் 'பிரபு' கட்சி. எல்லாருக்கும் ஒரே சொல், வேலை சுலபம். ரிப்பன் பிரபு ஏர்லுக்கு மேலான மார்க்வெஸ், மேயோ பிரபு ஏர்ல், கர்சன் பிரபு வைஸ்ராயாக வந்தபோது ஏர்லுக்குக் கீழான பாரன் (baron). நம் பள்ளிப் புத்தகங்களில் எல்லாரும் பிரபுதான். எல்ஜின் பிரபுவும் ஓர் ஏர்ல், குடும்பப் பெயரே புரூஸ், பட்டத்திலிருக்கும் எல்ஜின் ஊர் இருப்பது மொரேவில். இதையெல்லாம் 'பிரபு' மூடிவிடுகிறது. ஸ்காட்லாந்துப் பெருமக்கள் போப்பாண்டவருக்கு எழுதிய 1320 ஆர்ப்ரோத் கடிதத்தில் ராண்டால்ஃபை மொரேவுக்குக் 'கோமெஸ்' என்றும், மான் தீவுக்கும் அனன்டேலுக்கும் 'தோமினுஸ்', அதாவது உடையவன், என்றும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். புரூஸின் இன்னொரு தளபதி ஜேம்ஸ் டக்ளஸ் அதில் வெறும் தோமினுஸ்தான். அவர் கடைசிவரை ஏர்ல் ஆகவில்லை. எழுநூறு வருடத்துக்கு முன்னால் தோலில் எழுதியவர் காட்டிய கவனத்தை இன்றைய மொழிபெயர்ப்பாளர் ஏன் காட்டக் கூடாது? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் தேர்வு 'நாடாள்வார்'. சோழர் கல்வெட்டுகளில் நாடாள்வான் என்பது நிஜமான பட்டம். பேரரசனுக்குக் கீழே, ஒரு நாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய மனிதர். காலமும் கிட்டத்தட்ட இதே இடைக்காலம்தான். இரண்டு பதவிகளும் அச்சு அசல் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லைக் கேட்டதும் மனதில் எழும் படம் சரியாக இருக்கிறது. 'வேள்' என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் குலத்தின் வாசம் தூக்கலாகத் தெரிகிறது.

நாடு என்றால் தேசம் என்று குழம்புவார்களே என்பார்கள். செட்டிநாடு என்று கேட்டு யாரும் கடவுச்சீட்டைத் தேடுவதில்லை. மொரே நாடு, ஃபைஃப் நாடு, கேரிக் நாடு என்று எழுதினால் அவை ஸ்காட்லாந்துக்குள் இருக்கும் பகுதிகள் என்பது இரண்டாவது வரியிலேயே புரிந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஏர்லுக்கு ஆங்கிலத்தில் பெண்பால் கிடையாது, பிரெஞ்சு வழியாக வந்த 'கவுன்டஸ்' என்பதைத்தான் சொல்கிறார்கள். புரூஸின் தாய் மார்ஜரி, கேரிக்கைத் தன் தந்தையிடமிருந்து பெற்று, தன் உரிமையிலேயே வைத்திருந்தவர். நம் 'ஆர்' விகுதி ஆண், பெண் பார்ப்பதில்லை. கேரிக் நாடாள்வார் மார்ஜரி என்று அப்படியே எழுதலாம்.