அந்த மூன்று நொடி யாருடையது?

அமெரிக்காவில் ஒரு பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை) அணியின் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். போன சீசனில் ஒரு தமிழ் அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் லெஃப்ட் டேக்கிள், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவன். "இவன் பந்தையே தொடுறதில்ல சார், தோள் எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. டிவியில் பந்தை எறியும் குவாட்டர்பேக்கைத்தான் காட்டுகிறார்கள். அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரை, ஒரு சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள், யாரும் கவனிப்பதில்லை. பந்து கைக்கு வந்ததும், யாருக்கு எறிவது என்று பார்த்து எறிய குவாட்டர்பேக்குக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடிதான். அதை இந்த ஐந்து பேரும் தங்கள் உடம்பைக் கொடுத்து வாங்கித் தருகிறார்கள். வலக்கைக்காரர் எறியத் திரும்பினால் இடப்பக்கம் அவர் கண்ணுக்குப் படாது. அங்கே காவல் நிற்பவர்தான் லெஃப்ட் டேக்கிள்.

அந்த அப்பாவுக்கு கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற தொழில்முறை அணியின் கதையைச் சொன்னேன். 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் அவர்களுடைய இரண்டு டேக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை. எரிக் ஃபிஷருக்கு இரண்டு வாரம் முன்புதான் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. மிட்செல் ஷ்வார்ட்ஸுக்கு முதுகு. அவர்களுடைய குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்றுகூட சீஃப்ஸுக்கு இல்லை. 31-9 என்று எதிரணி தம்பா பே ஜெயித்தது. அடுத்த சீசனை சீஃப்ஸ் முன்வரிசையில் ஐந்து புதிய ஆட்களோடு தொடங்கினார்கள். 2023 சூப்பர் பௌலில் எதிரே நின்ற பிலடெல்பியா, அந்த சீசனில் குவாட்டர்பேக்குகளை 70 முறை சாய்த்திருந்த அணி. மஹோம்ஸுக்கோ கணுக்கால் சுளுக்கு. ஆனால் அன்று அவரை ஒருமுறைகூட சாய்க்க முடியவில்லை. 38-35, கோப்பை சீஃப்ஸுக்கு. சுளுக்கிய காலோடு அவர் ஆடி முடித்ததற்கு முன்வரிசைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரி, பையனின் தோளுக்கு வருவோம். லைன்மேன், அதாவது இந்த முன்வரிசை ஆட்டக்காரன், இரண்டு கையையும் முன்னால் நீட்டி எதிராளியின் மார்பைத் தள்ளுகிறான். எதிராளி மோதும் வேகம் கை வழியே தோள் மூட்டுக்குள் இருக்கும் உருண்டையான எலும்புத் தலையைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. ஒரே அடியில் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். பயிற்சியிலும் ஆட்டத்திலும் திரும்பத் திரும்ப இப்படி நடக்கும்போது, தோள்குழியின் பின்விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு கிழிகிறது. தோள் முன்பக்கம் நழுவினால் பார்த்தவுடன் தெரியும். இது அப்படி இல்லை. புஷ்அப், பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தோளின் பின்னால் ஆழமாக ஒரு வலி, அவ்வளவுதான். தசைப்பிடிப்பு என்று பையன்கள் தைலம் தேய்த்துக்கொண்டு வாரக்கணக்கில் ஆடுகிறார்கள். இவனும் அப்படித்தான், ஆறு வாரம்.

உங்கள் பையன் லைன்மேன் என்றால் "வலிக்கிறதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வான். பெஞ்ச் பிரஸ்ஸில் எடையைக் குறைத்திருக்கிறானா என்று கேளுங்கள். குறைத்திருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே தோளைக் காட்டுங்கள். முட்டி வீங்கியிருந்தாலும் அப்படியே; பக்கத்தில் விழுபவர்கள் இவர்கள் காலின் மேல்தான் விழுகிறார்கள். அப்புறம், எடையைக் கூட்டச் சொல்லியிருந்தால் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.