"நீ ஏன் கத்தலை?"

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் காவல் நிலையத்தில் கேட்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் ஆலோசனை அறையில் நான் பார்த்தவரை கேட்பது பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் அக்கா. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண் தன்னையே நூறு தடவை கேட்டு முடித்திருப்பாள்.

ஒரு அம்மா, கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டி வந்தார் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறாள், மந்திரித்துப் பார்த்தோம், தாயத்தும் கட்டினோம், ஒன்றும் கேட்கவில்லை என்றார். மகள் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மூன்றாவது முறை வந்தபோதுதான் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே. உறவுக்காரர் ஒருவர், வீட்டில் யாரும் இல்லாத நேரம். "கத்தணும்னுதான் நினைச்சேன் மேடம், சத்தமே வரலை. கையும் காலும் என்னோடது மாதிரியே இல்லை."

அது கோழைத்தனமும் இல்லை, சம்மதமும் இல்லை. பெரும் ஆபத்து வந்தால் உடம்பு எதிர்க்கும், ஓடும், இல்லை உறைந்துபோகும். எது என்று நம்மைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. பத்தில் ஏழு பேர் அப்படி உறைந்திருந்தார்கள், அவர்களுக்குத்தான் பின்னால் பிடிஎஸ்டியும் (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன பாதிப்பு) மனச்சோர்வும் அதிகம் வந்தன. இதைச் சொன்னதும் அவள் விரல் நின்றது. "பூனை முன்னாடி எலி நிக்குமே, அது மாதிரியா?" என்று கேட்டாள். அது மாதிரிதான்.

அவள் சிரித்ததைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. அழுதால்தான் உண்மை என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவளுக்குத் தேதி நினைவில்லை, ஆனால் மின்விசிறி கிறீச்சிட்டது நினைவிருக்கிறது. அந்த ஆளின் சென்ட் வாசனை பஸ்ஸில் வந்தால் பாதியில் இறங்கிவிடுவாள். அதிர்ச்சி நினைவை இப்படித்தான் துண்டு துண்டாக வைக்கும், வரிசை மாறிச் சொல்வதாலேயே பொய் ஆகிவிடாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று துருவியிருக்கிறேன். ஒரு பெண் அதோடு வரவே இல்லை. இன்னும் உறுத்துகிறது. வீட்டில் இருப்பவர்கள் "நம்புறேன், உன் மேல தப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும். போனைப் பிடுங்குவது, கல்லூரியை நிறுத்துவது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் அவளுக்குத் தண்டனையாகத்தான் தெரியும்.

சரி, எங்கே போவது? சட்டப்படி அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், புகார் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் எடுத்தால்தான் பலன். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிட்டால் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி காட்டுவார்கள்; தங்க இடம், சட்ட உதவி, ஆலோசனை மூன்றும் அங்கே உண்டு. நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். 18 வயதுக்குள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் சேர்ந்து தடயம் கெட்டுவிடும். குளித்துத் துவைத்தாகிவிட்டதா? பரவாயில்லை, அப்போதும் போங்கள்.